ஆமாம், அவருடைய மெழுகுவர்த்தியைப் பற்றவைத்தது நான்தான்

மூன்று வாரமாக அந்தப் படம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மலேசியாவின் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாப் பவனியில், கூட்டு (சீட்டு) நடத்தி அந்தப் பணத்தோடு ஓடிப்போன, நாங்கள் அக்கா என்று அழைத்தவரின் மெழுகுவர்த்தியை நான் பற்றவைக்கும் படம். "மானம் ரோஷம் இல்லையா?", "இவருக்கு மட்டும் பணம் திரும்பக் கிடைத்துவிட்டதா?" என்று கீழே எழுதியிருக்கிறீர்கள். எழுதியது யாரோ அல்ல. என்னோடு ஒரே வரிசையில் நின்று நற்கருணை வாங்குகிறவர்கள்.

பணம் கிடைக்கவில்லை. ஒரு காசுகூட. இருபது பேர், மாதம் ஆளுக்கு 300 வெள்ளி (ரிங்கிட்) கட்டி, மாதம் ஒருவர் மொத்தத்தையும் எடுப்பது. என் முறை பதினெட்டாவது. பதினாறு மாதம் கட்டினேன். பதினேழாவது மாதம் அக்கா வீட்டில் பூட்டுத் தொங்கியது. 4,800 வெள்ளி. மகளின் கல்லூரிக்கென்று ரவிக்கை தைத்துச் சேர்த்தது. அம்மா போட்ட மூன்று பவுன் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது, திரும்பவில்லை. இரண்டு வருடம் அவர் பெயரைச் சொல்லிச் சபித்தேன். வலிக்காததால் மன்னித்தேன் என்று யாரும் சொல்லாதீர்கள்.

"மன்னித்துக்கொண்டே இருந்தால் நாளைக்கு இன்னொருவர் ஏமாற்றுவார்" என்கிறீர்கள். மன்னிப்பது வேறு, வழக்கை மூடுவது வேறு. கூட்டு நடத்தக் கூடாது என்று 1971-லேயே இந்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. நான் கொடுத்த போலீஸ் புகாரைத் திரும்பப் பெறவில்லை, பெறவும் மாட்டேன். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், 1981-இல் தன்னைச் சுட்டவனை 1983 டிசம்பரில் சிறைக்கே போய்ப் பார்த்தார், பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். அதற்காக அவனுக்கு மறுநாளே கதவு திறக்கவில்லை. 2000 வரை இத்தாலியச் சிறையில்தான் இருந்தான்.

"அவர் மன்னிப்புக் கேட்டாரா?" கேட்கவில்லை. ஆணி அடித்தவர்கள் கேட்டார்களா? "தந்தையே, இவர்களை மன்னியும்" என்று ஆண்டவர் சொன்னாரே. இதற்கு மேல் எனக்கு வாதாடத் தெரியாது.

எழுபது தடவை ஏழுமுறை மன்னிக்கச் சொன்ன கையோடு இயேசு சொன்ன கதையை எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஒருவனுக்குப் பத்தாயிரம் தாலந்து கடன் தள்ளுபடியாகிறது. ஒரு தாலந்து என்பது ஏறக்குறைய 6,000 நாள் கூலி. மொத்தம் ஆறு கோடி நாள். வெளியே வந்ததும் அவன் நூறு தெனாரியத்துக்காக இன்னொருவனின் கழுத்தை நெரிக்கிறான். அந்த நூறு சின்னத் தொகை என்று நினைத்திருந்தேன். இல்லை. நூறு நாள் உழைப்பு. எனக்கு அது நூற்று இருபது ரவிக்கை. உழைத்தவருக்கு வலிக்கும் தொகைதான் அது. அதைத்தான் விடச் சொல்கிறார் ஆண்டவர். ஒவ்வொரு பாவசங்கீர்த்தனத்திலும் என் கடன் தள்ளுபடியாகும்போது, அவருடைய கடனை மட்டும் நான் எந்த முகத்தோடு நெஞ்சில் வைத்திருப்பேன்?

படத்தில் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அன்று நல்ல காற்று. காகிதக் குவளைக்குள் அவருடைய மெழுகுவர்த்தி இரண்டு முறை அணைந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லோர் கையிலும் நெருப்பு இருந்தது, ஒருவரும் நீட்டவில்லை. வளையல் இல்லாத அந்த மணிக்கட்டைப் பார்த்தேன். குலுங்கக் குலுங்கப் போட்டிருப்பாரே. நான் நீட்டினேன். மெழுகு அவர் கட்டைவிரலில் சொட்டியது. கையை இழுக்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

சங்கிலி அடகுக்குப் போன வாரம் என் வீட்டுப் படியேறி ஆறுதல் சொன்னவர்கள் இரண்டே பேர். இன்று எனக்காக ரோஷப்படுகிறவர்கள் நாற்பதுக்கும் மேல். என் அழுகைக்கு வராதவர்கள் என் கோபத்துக்கு மட்டும் ஏன் வருகிறீர்கள்? அந்தக் கோபம் என்னுடையது. நான் அதை இறக்கி வைத்துவிட்டேன். நீங்கள் ஏன் தூக்கிக்கொண்டு திரிகிறீர்கள்?

திருவிழாவுக்கு அடுத்த ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு அவர் வந்திருந்தார், கடைசி வரிசையில். படம் பரவிய பிறகு வரவில்லை. நேற்று இரண்டு முறை அழைத்தேன். எடுக்கவில்லை. நீங்கள் எழுதியதையெல்லாம் அவரும் படித்திருப்பார்.