வில் உளுத்துக் கொட்டுகிறது, நாம் சிலைக்கு மாலை போடுகிறோம்

நவம்பர் 15, ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடிய பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவின் பிறந்த நாள். 1875இல் இன்றைய ஜார்க்கண்டின் உலிஹாத்துவில் பிறந்தவர், 1900 ஜூன் 9 அன்று ராஞ்சி சிறையில் உயிர்விட்டபோது 25 வயதுகூட நிறையவில்லை. அந்தச் சிறை 2021இல் அருங்காட்சியகமானது. ரொம்ப சரியான காரியம். ஆனால் அதே நவம்பர் 15இல்தான், 1805இல், பக்கத்து வயநாட்டில் தலைக்கல் சந்துவை ஆங்கிலேயர்கள் கொன்றார்கள். ஆங்கிலேயரோடு போரிட்ட பழசி ராஜாவின் படைத்தலைவர், வயநாட்டின் குறிச்சியர் பழங்குடியைச் சேர்ந்தவர். 1802 அக்டோபரில் அவரும் பழசியின் இன்னொரு தளபதி எடச்சன குங்கனும் வில்லாளிகளோடு ஆங்கிலேயரின் பனமரம் கோட்டைக்குள் புகுந்து 112 துப்பாக்கிகளை அள்ளிக்கொண்டு போனார்கள். நம் ஊர் விழா மேடைகளில் இந்தப் பெயரையும் சொல்ல வேண்டும்.

பெயர் சொன்னால் மட்டும் போதாது. அந்த வில்லைப் போல ஒன்று நாளைய பிள்ளைகள் கண்ணில் பட வேண்டும். நம் அருங்காட்சியகங்களில் மூங்கில் வில் மாட்டியிருக்கும் கண்ணாடிப் பெட்டியின் அடித்தட்டைக் குனிந்து பாருங்கள். மாவு போல மஞ்சள் தூள் சிந்தியிருந்தால் உளு விழுந்துவிட்டது. மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்தைத் தின்று புழு உள்ளேயே வளர்கிறது. வண்டாகி வெளியேறும்போதுதான் ஊசித்துளை தெரியும். உடனே வார்னிஷ் அடிப்பது பெரிய தவறு. மேலே பளபளக்கும், உள்ளே புழு தின்றுகொண்டே இருக்கும். பிடியில் கை பட்டுப் படிந்த கருமையும் மறைந்துவிடும். பருத்தித் துணியில் சுற்றி, பாலித்தீன் உறையில் காற்றை அழுத்தி வெளியேற்றி ஒட்டி, உறைபெட்டியில் மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் உறையைப் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க அப்படியே கிடக்கட்டும். அவசரப்பட்டால் குளிர்ந்த மூங்கில் மேல் நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும்.

நீலகிரியின் தோடர் பழங்குடிப் பெண்கள் பூத்தையல் போடும் போர்வைக்கு எதிரி வெளிச்சம். 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வேண்டாம், சன்னலுக்கு எதிரே வேண்டவே வேண்டாம். மடித்து வைத்தால் மடிப்பிலேயே இழை அறும். குழாயில் சுருட்டி வையுங்கள். இன்னொன்று. வரைபடம் இல்லாமல் இழையை எண்ணி எண்ணிப் போடும் தையல் அது. வழவழப்பாகத் தெரிகிற பக்கத்தை நாம் முகப்பு என்று நினைத்து மாட்டுகிறோம். தோடர்களுக்கு மேடுமேடாக இருக்கும் பக்கம்தான் முகப்பு. தைத்த பெண்களில் ஒருவரைக் கேட்டிருந்தால் இந்தத் தப்பு நடக்காது.

அப்படிக் கேட்பதைச் செலவுத் திட்டத்திலேயே எழுதுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், அந்தச் சமூகத்துக் கைவினைஞர்களைப் போக்குவரத்துச் செலவும் நாள் கூலியும் கொடுத்து வரவழைத்துப் பொருள்களைக் காட்டுங்கள். அவர்கள் சொல்வதை அனுமதி கேட்டுப் பதிவு செய்து, ஒரு பிரதியை ஊருக்கே கொடுங்கள். 'பழங்குடியினர் வில்' என்று எழுதிய அட்டையைக் கழற்றிவிட்டு, செய்தவர் பெயர், ஊர், எந்த மூங்கில், அவர்கள் மொழியில் அதற்கு என்ன பெயர் என்று எழுதிப் புது அட்டை வையுங்கள். இந்த நவம்பர் 15க்குள் முடிகிற வேலைதான்.