மாலத்தீவில் யாருடைய கரை?

மாலத்தீவு போய்வந்த நண்பர் ஒருவர் கொதித்துப்போய் எழுதியிருந்தார். ஊர்மக்கள் வாழும் மாஃபுஷி தீவில் தங்கினாராம். குடிக்க பீர் இல்லை. நீச்சலுடையோடு தெருவில் நடந்தபோது ஒரு பெரியவர் தடுத்துவிட்டார். போதாததற்கு பில்லில், சுற்றுச்சூழலுக்கென்று பயணிகளிடம் வாங்கும் பசுமை வரி வேறு. "டூரிஸ்டை நம்பிப் பிழைக்கிற நாட்டுக்கு இவ்வளவு கெடுபிடி எதுக்கு?" என்று கேட்கிறார். பதில் நீண்டுவிட்டதால் தனிப் பதிவாகவே போடுகிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. 1972-ல் தலைநகர் மாலேக்குப் பக்கத்தில் குரும்பா என்ற முதல் ரிசார்ட் வந்தது. பிறகு ஆளில்லாத் தீவாகப் பார்த்து, தீவுக்கு ஒரு ரிசார்ட் என்று குத்தகைக்குக் கொடுத்தார்கள். 1980களில் மக்கள் வாழும் தீவுகளில் வெளிநாட்டவர் தங்கத் தடையும் வந்தது. ஊர்ப் பழக்கவழக்கத்தைக் காப்பாற்றத்தான் என்றார்கள். ஆனால் அந்தத் தடையால் வருமானமும் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. ஊர் ஆண்கள் வீட்டை விட்டுப் போய் ரிசார்ட்டில் மாதக்கணக்கில் கிடந்தார்கள். 'ஆளில்லாத் தீவு' என்ற பேச்சே எனக்கு உறுத்தும். பக்கத்து ஊர்க்காரர்கள் தேங்காய் பறிக்கவும் பிள்ளைகளோடு ஒருநாள் கழிக்கவும் போனது அங்கேதான். குத்தகைக்குப் போனபின் அந்தக் கரையில் கால்வைக்க அவர்களுக்கே அனுமதி வேண்டும்.

2009-ல்தான் ஊருக்குள் விடுதி நடத்த அனுமதித்தார்கள். அந்த நாட்டின் சுற்றுலா விதிகளிலேயே ஆகச் சிறந்த மாற்றம் அதுதான் என்பேன். ஒரு கணவனும் மனைவியும் நடத்தும் நாலு அறை விடுதியில் நான் தங்கினேன். காலையில் மாஸ் ஹுனி: சூரை மீனை உதிர்த்து, தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய் போட்டுப் பிசைந்து ரொட்டியோடு தந்தார்கள். தூத்துக்குடியில் மாசிச் சம்பல் தின்று வளர்ந்த எனக்கு அது வீட்டுச் சாப்பாடு. அந்த வெங்காயமே எங்கள் துறைமுகத்திலிருந்து தோணியில் போனதாகக்கூட இருக்கலாம். "முன்னாடி இவர் ரிசார்ட்டில் இருந்தார், மூணு மாசத்துக்கு ஒருமுறைதான் வருவார். இப்ப பிள்ளைங்க தினம் அப்பா முகத்தைப் பார்க்குதுங்க" என்றார் அந்த அக்கா.

அந்தப் பிள்ளைகள் நடக்கும் தெருவில்தான் நண்பர் நீச்சலுடையோடு போயிருக்கிறார். குளிக்கத் தனியாகவே ஒரு கரை ஒதுக்கியிருக்கிறார்கள், அங்கே யாரும் எதுவும் சொல்வதில்லை. நம் ஊர் ரத வீதியில் ஒருவர் அப்படி நடந்தால் நாம் சும்மா இருப்போமா? மதுவும் அப்படித்தான், ரிசார்ட்டிலும், பயணிகள் தங்கிச் சுற்றும் சஃபாரிப் படகிலும் உண்டு, ஊரில் இல்லை. ஊருக்குள் தங்கினால் ஊர்க் கட்டுப்பாட்டுக்குள் இருக்க வேண்டியதுதான்.

வரிக்கு வருவோம். 2025 ஜனவரி முதல் ரிசார்ட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர். ஊர்த் தீவுகளில் 50 அறைக்கு மேற்படாத விடுதிகளுக்கு அதில் பாதி, 6 டாலர். சின்ன விடுதிக்காரர்களுக்கு இந்தச் சலுகை நியாயம்தான். சுமார் 5 லட்சம் பேர் வாழும் நாட்டுக்கு 2024-ல் 20 லட்சத்துக்கு மேல் பயணிகள் வந்தார்கள். அத்தனை பேர் போட்ட குப்பையும் எங்கே போகும்? மாலேக்கு அருகே திலாஃபுஷி என்று குப்பைக்காகவே உருவாக்கிய தீவு இருக்கிறது. பல வருடம் அங்கே திறந்தவெளியில் எரித்தார்கள்.

என் கோபம் வேறு இடத்தில். பா அட்டோல் என்ற பவளத் தீவுக்கூட்டத்தின் ஹனிஃபாரு விரிகுடாவில் மந்தா திருக்கைகள் இரை தேடிக் கூடும். அவற்றுக்காக 2012 முதல் முதுகில் காற்று சிலிண்டர் கட்டி முக்குளிக்கத் தடை. பாராட்ட வேண்டிய உறுதி. அதே உறுதி, தீவை ஒட்டிய ஆழமில்லாத களப்பில் மணல் தோண்டி நிலம் நிரப்பும் இடங்களில் எங்கே போகிறது? பவளத்தை மூடும் அந்தச் சேறு ஒரு பயணி செய்யும் சேதத்தைவிட எத்தனையோ மடங்கு.

குத்தகை ஒப்பந்தங்களிலும் ஒரு வரி சேர்க்கட்டும்: எந்தத் தீவைக் கொடுத்தாலும், பக்கத்து ஊரார் கேட்காமலே வந்து இறங்க ஒரு கரையை விட்டுவைக்க வேண்டும். அந்த அக்காவின் பிள்ளைகள் தங்கள் தாத்தா தேங்காய் பறித்த தீவுக்குப் போய் ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க விளையாடிவிட்டு வரட்டும்.