வரியில திட்டு, கமராவில கும்பிடு

திருகோணமலையில எடுக்கிற சில பாட்டு வீடியோக்கள்ல வரி ஒண்டு சொல்லுது, கமரா வேற ஒண்டு சொல்லுது. பாடுறது காசுத் திமிரைக் கிழிக்கிற ராப். காட்சியில வாடகைக் கார், உப்புவெளி ஹோட்டல் நீச்சல் தடாகம். செக்கனுக்கு 120 பிரேம் (படம்) வீதம் எடுத்து, செக்கனுக்கு 25 பிரேம் ஓடுற எடிட்டிங் டைம்லைனில போட்டால் கார் கிட்டத்தட்ட 5 மடங்கு மெதுவா மிதக்கும். நிலத்தில இருந்து அண்ணாந்து பாக்கிற கோணம், பின்னால எல்லாம் மங்கல். கார் விளம்பரத்தையும் இப்பிடித்தான் எடுக்கிறவை.

காரை 25 பிரேமில, கண்மட்டத்தில, 28 எம்எம் அகல லென்ஸில, எஃப் 8இல (லென்ஸின்ட துவாரத்தைச் சின்னதாக்கி) எடுத்துப் பாருங்கோ. முன்னால நிக்கிற காரும் பின்னால வாளியோட வாற ஆளும் ஒரே கூர்மையா இருக்கும். மத்தியான வெயிலுக்கு ஐஎஸ்ஓ (கமராவின்ட வெளிச்ச உணர்திறன்) 100, ஷட்டர் 1/50 செக்கன் எண்டால் 3 ஸ்டொப், அதாவது 8 மடங்கு, வெளிச்சம் கூட. வெளிச்சத்தை எட்டில ஒண்டாக் குறைக்கிற என்டி 8 பில்டர் போட வேணும். அது இல்லையெண்டு ஷட்டரை 1/400க்கு ஏத்தினால் அசைவு வெட்டி வெட்டித் தெரியும். ஷொட்டை 8 செக்கன் விடுங்கோ. பீட்டுக்குப் பீட்டு வெட்டினால் கார் கழுவுறவரும் அலங்காரம் ஆகிடுவார்.

பொருளை விட, ஆரை உள்ள விடேல்ல எண்டதிலதான் ஆடம்பரம் இருக்கு. அதால தடாகத்தை விட்டிட்டு கேற்றை எடுங்கோ. ஹோட்டல் கதிரை முடிஞ்சு கரைவலை இழுக்கிற ஆக்கள் தொடங்குற இடத்தில பாட்டை 4 செக்கன் நிப்பாட்டி, அலைச் சத்தத்தை மட்டும் விடலாம். ட்ரோன் வேண்டாம். கடற்படையும் விமானப்படையும் இருக்கிற ஊரில அனுமதி எடுக்கிற பாடு ஒருபக்கம். மேலயிருந்து பாத்தால் வேலியே தெரியாது, எல்லாம் சுற்றுலாப் போஸ்டர்தான்.

ஈழத்தமிழ்ப் பின்னணியுள்ள பிரித்தானியப் பாடகி எம்.ஐ.ஏ. 2015இல 'போர்டர்ஸ்' வீடியோவில பாரிஸ் சென்ஜெர்மன் காற்பந்துக் கழக ஜேர்சியின்ட 'ஃப்ளை எமிரேட்ஸ்' எண்ட விமான நிறுவன விளம்பர அச்சை 'ஃப்ளை பைரேட்ஸ்' (பைரேட்ஸ் எண்டால் கடற்கொள்ளையர்) எண்டு மாத்திப் போட்டுக்கொண்டு வந்தா. கழகம் வீடியோவை எடுக்கச் சொல்லிக் கடிதம் போட்டது. மாறினது ஒரு உடுப்பின்ட அச்சு மட்டும்தான்! ஆனால் அதே வீடியோவில அகதியா வாற ஆக்கள் அவவுக்குப் பின்னால ஒழுங்கான வரிசையா, வடிவமா மாறிப்போறது எனக்கு உறுத்துது.

நியூசிலாந்துப் பாடகி லோர்டின்ட 'ராயல்ஸ்' பாட்டு 2013இல வந்தபோது, அதில கிண்டல் பண்ணின தங்கப்பல்லும் காரும் கறுப்பின ஹிப்ஹொப்காரரைத்தானே குறிவைக்குது எண்டு கேட்டவை. இங்கயும் அந்தக் கேள்வி வேணும். ரோல்ட்கோல்ட் சங்கிலி போட்ட ஓட்டோப் பெடியனைப் பகிடி பண்ணுறது லேசு. வெளிநாட்டுக் காசில கட்டிப் பூட்டிக்கிடக்கிற மாடி வீடு எந்த வீடியோவிலயும் வாறேல்ல. அதை எடுத்தால், சாவி வைச்சு முத்தம் கூட்டுற அம்மாவையும் பிரேமுக்குள்ள விடுங்கோ, அதே எஃப் 8இல.