நாயை மண்டபத்துக்கு இழுக்காதீர்கள். கல்யாணத்தை மொட்டை மாடிக்குக் கொண்டுவாருங்கள்

முகூர்த்த மாதங்கள் வந்துவிட்டால் போதும், பட்டு வேட்டி கட்டிய நாய்களின் படங்கள் முகநூலில் வரிசையாக வரத் தொடங்கிவிடுகின்றன. கழுத்தில் ரோஜா மாலை, நெற்றியில் சந்தனம், இருபுறமும் மணமக்கள். பார்க்கிறவர்கள் நெகிழ்ந்து இதயக் குறி போடுகிறார்கள். ஆனால் அந்தப் படங்களில் பலவற்றில் காதுகள் பின்னோக்கி மடங்கியிருப்பதையும், வால் பின்னங்கால்களுக்கு நடுவே ஒடுங்கியிருப்பதையும், கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரிவதையும் நாய் வளர்த்தவர்கள் உடனே கவனித்துவிடுவார்கள். அந்த நாய் மேடையில் பயந்துபோய் நிற்கிறது.

வீட்டில் வளரும் பிராணி வீட்டுக் கல்யாணத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. அது எந்த இடத்தில், எவ்வளவு நேரம், யாருடைய வசதிக்காக இருக்கிறது என்பதில்தான் இந்தப் படங்களைப் பகிர்கிறவர்களோடு எனக்கு வழக்கு.

முதலில் பெரியவர்களின் மறுப்பைச் சொல்லிவிடுகிறேன். கடந்த தை மாதம் தண்டையார்பேட்டையில் என் அண்ணன் மகளின் திருமணம் நடந்தது. அவள் வளர்த்த ஜூலியும் அங்கே இருக்கும் என்று தெரிந்ததும், எங்கள் ஆயா, "ஏம்மா, நாய்க்கும் பத்திரிகை வெச்சுட்டியா?" என்று கேட்டார். சுப காரியத்தில் நாய் குறுக்கே வரக்கூடாது என்பது அவர் தலைமுறையின் எண்ணம். சிவன் கோயிலில் பைரவருக்கு வடை மாலை சாத்துகிறவர்கள் அவருடைய வாகனம் எது என்பதை வீட்டுக்கு வரும் வழியில் மறந்துவிடுவது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும். தென் மாவட்டங்களில் மணப்பெண்ணுக்குச் சீராகக் கன்னி இன நாய்க்குட்டியைக் கொடுத்தனுப்பும் வழக்கம் இருந்ததாகச் சொல்வார்கள். மதுரை, சிவகங்கைப் பக்கம் தாங்கள் வளர்த்த ஜல்லிக்கட்டுக் காளையோடு நிற்கும் மணப்பெண்களின் படங்கள் இன்றும் செய்திகளில் வருகின்றன. கல்யாண வீட்டில் பிராணிக்கு இடம் கொடுப்பது வெளிநாட்டுப் பழக்கம் என்று சொல்கிறவர்கள் நம் ஊரையே சரியாகப் பார்க்கவில்லை.

சிறிய கல்யாணங்களைப் பற்றி நான் குறிப்பாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. வடசென்னையில் இருபது பேர், முப்பது பேர் கூடி முடிக்கும் திருமணங்கள் இரண்டு வகையில் நடக்கின்றன. ஒன்று, மண்டப வாடகைக்கும் விருந்துக்கும் கடன் வாங்க விரும்பாதவர்கள் செய்வது. மற்றொன்று, வீட்டை எதிர்த்துக்கொண்டு, நண்பர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட, ரிஜிஸ்டர் ஆபீஸில் முடிப்பது. இரண்டாவது வகையில் பெண்ணின் பக்கத்திலிருந்து உறவென்று சொல்ல ஒருவரும் இல்லாமல் போவதுண்டு. என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் அப்படித்தான் வியாசர்பாடியிலிருந்து கட்டிய புடவையோடு கிளம்பி வந்தார். பெற்றோர் பேசாததை அவர் எப்படியோ தாங்கிக்கொண்டார். தான் குட்டியிலிருந்து வளர்த்த நாயிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டோமே என்பதைத்தான் பல மாதங்கள் சொல்லிச் சொல்லி அழுதார். கேட்டவர்களில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வீட்டில் அவருடைய முடிவைக் குறை சொல்லாத ஒரே ஜீவன் அதுதான்.

ஆனால் அதற்காக நாயை ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு அழைத்துச் செல்லலாம் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே பத்திரப் பதிவுக்கு வந்தவர்கள், வில்லங்கச் சான்றுக்கு வந்தவர்கள், தரகர்கள் என்று மாடிப்படிகள் வரை கூட்டம் நிற்கும். எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. வாசலில் அந்தத் தெருவுக்கே உரிய நாய்கள் படுத்திருக்கும். புதிதாக ஒரு நாய் கயிற்றோடு வந்து இறங்கினால் அவை சும்மா விடாது. மாலையும் கழுத்துமாக நிற்கும் மணமகள் நாய்ச் சண்டையை விலக்கும் நிலைமை வரும்.

கல்யாண மண்டபம் இதைவிட மோசம். மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண் வரைதான் கேட்கும். நாயின் காது 40,000 ஹெர்ட்ஸைத் தாண்டியும் கேட்கும். நமக்குக் காது அடைக்கும் பேண்டு செட்டும், ஒலிபெருக்கியின் கீச்சொலியும், தாலி கட்டியதும் வெடிக்கும் காகிதத் துகள் குழாயும் அதற்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பளபளக்கும் கிரானைட் தரையில் அதன் கால் வழுக்கும். முகம் தெரியாதவர்கள் குனிந்து குனிந்து தலையைத் தடவுவார்கள். நாய் கொட்டாவி விடும், உதட்டை நக்கும்; அது தூக்கத்தாலோ பசியாலோ அல்ல, பதற்றத்தால். அதற்குப் பிறகும் அதை விடாமல் படம் எடுத்தால் ஒரு நிமிடத்தில் யார் கையையாவது கடிக்கும். அப்புறம் பழி நாய் மீதுதான் விழும்.

ஆகவே நாயைக் கல்யாணம் நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோவதை விட்டுவிட்டு, கல்யாணத்தை நாய் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். இதற்குச் சட்டம் நன்றாகவே இடம் கொடுக்கிறது, அதிலும் தமிழ்நாட்டில். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967இல் சட்டமன்றத்தில் நிறைவேறிய திருத்தத்தால் இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ பிரிவு சேர்க்கப்பட்டு, சுயமரியாதைத் திருமணங்கள் செல்லுபடியாயின. உறவினர்கள், நண்பர்கள் அல்லது வேறு நபர்கள் முன்னிலையில், இருவரும் தங்களுக்குப் புரியும் மொழியில் ஒருவரை ஒருவர் துணையாக ஏற்பதாகச் சொன்னாலோ, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலோ, தாலி கட்டினாலோ திருமணம் முடிந்தது. புரோகிதர் கட்டாயமில்லை, மண்டபமும் கட்டாயமில்லை. ஊரறிய அறிவித்து நடத்தினால்தான் செல்லும் என்ற வாதத்தையும் 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்தப் பிரிவு மணமக்கள் இருவரும் இந்துக்களாக இருந்தால்தான் பொருந்தும். மதம் கடந்து மணக்கிறவர்கள் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் 30 நாள் முன்னறிவிப்பும் மூன்று சாட்சிகளும் கொண்டு செய்ய வேண்டும். அந்தச் சட்டத்திலும்கூடக் கூடுதல் கட்டணம் செலுத்தினால், அலுவலகத்திலிருந்து நியாயமான தொலைவுக்குள் நாம் விரும்பும் இடத்தில் நடத்திக்கொள்ள வழி இருக்கிறது.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் மணமக்கள் தங்கள் திருமணத்தைத் தாங்களே நடத்திக்கொள்ளலாம், சாட்சியும் கட்டாயமில்லை என்பதால், சிலர் திருமணத் தாளில் தங்கள் நாயின் பாதத் தடத்தைப் பதிக்கிறார்கள். நம் பதிவுத் தாளில் அதற்கு இடமில்லை; அடையாள அட்டை வைத்திருக்கும் மனிதர்கள்தான் சாட்சி. எனவே தாலி கட்டுவதை வீட்டில் வைத்துக்கொண்டு, தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் கொடுக்கும் 90 நாள் கெடுவுக்குள் அலுவலகத்துக்குப் போய்ப் பதிந்துவிட்டு வாருங்கள். அன்று நாய் வீட்டில் தூங்கட்டும்.

என் அண்ணன் வீட்டு மொட்டை மாடியில் நாங்கள் செய்தது இதைத்தான். காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் முகூர்த்தம். நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுக்க வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். தை மாதத்தில் காலை பத்து மணிக்குள் முடித்துவிட்டால் கவலையில்லை. சித்திரை, வைகாசியில் மாடிக் கல்யாணம் வைக்கிறவர்கள் சூரியன் ஏறுவதற்குள் நாயைக் கீழே இறக்கிவிட வேண்டும், ஏனென்றால் தளத்தின் சூட்டில் அதன் பாதம் வெந்துவிடும். மேளம் வேண்டாம் என்று முன்பே முடிவு செய்தோம். ஜூலியைப் பார்த்துக்கொள்ள, அதற்குப் பழக்கமான பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவனை ஏற்பாடு செய்தோம். அன்று அவனுக்கு வேறு எந்த வேலையும் கொடுக்கவில்லை. இது மிக முக்கியம். சாட்சியாக வருகிறவரிடமோ, பந்தி பரிமாறுகிறவரிடமோ நாயின் கயிற்றையும் கொடுத்துவிட்டால் இரண்டு வேலையும் கெடும்.

சாப்பாட்டையும் பூவையும் பற்றி யாரும் யோசிப்பதில்லை. பாயசத்தில் மிதக்கும் உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. வெங்காயமும் பூண்டும் அதன் இரத்த அணுக்களுக்குக் கேடு. பிரியாணியில் இரண்டும் தாராளம், கூடவே உடைந்தால் கூராகும் வேகவைத்த கோழி எலும்பு. விருந்தினர் பாசத்தோடு இலையிலிருந்து எடுத்துப் போடுவார்கள், தடுக்க வேண்டியது நாம்தான். அலங்காரத்தில் அரளிப் பூ வேண்டாம் என்று பூக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அது இதயத் துடிப்பையே குலைக்கும் நஞ்சு. ஏதாவது தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தால் வீட்டு வைத்தியம் செய்துகொண்டிருக்காமல் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடமோ ஓடுங்கள்.

நாயின் கழுத்தில் தாலியைக் கட்டி மேடைக்கு அனுப்பும் யோசனையை ஒருவர் எங்களிடமும் சொன்னார். கேமராவுக்கு அழகாக இருக்குமாம். தங்கம் விற்கும் விலையில் இதைச் சொல்ல அவருக்கு எப்படி மனம் வந்ததோ! பூனைக்காரர்களுக்கு ஒரு வரி போதும்: பூனையை ஓர் அறையில் அதன் தட்டோடு விட்டுக் கதவைச் சாத்துங்கள், அது உங்களை வாழ்த்தும்.

நாய்க்குப் பயப்படும் உறவினர்களைக் கிண்டல் செய்வது எனக்குப் பிடிக்காத இன்னொரு வழக்கம். இரவுப் பணி முடிந்து கொருக்குப்பேட்டைத் தெருக்களில் சைக்கிளில் வந்தவர்களுக்கு அந்தப் பயம் எப்படி வந்தது என்று தெரியும். அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி, தள்ளி உட்காரும்படி இடம் ஒதுக்க வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி அந்த ஆண்டுக்குப் போட்டிருக்க வேண்டும், மாநகராட்சி உரிமமும் எடுத்திருக்க வேண்டும். ஜூலியின் தடுப்பூசி அட்டையை ஆயா வாங்கிப் பார்த்த பிறகுதான் முன் வரிசைக்கு வந்தார். சோதித்தது நல்லதுதான் என்று நாங்களும் சொன்னோம்.

தாலி கட்டி முடித்ததும் பத்து நிமிடம் ஜூலி எங்களோடு இருந்தது. என் அண்ணன் மகள் தரையில் உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டாள், கேமராக்காரர் தூரத்திலிருந்தே நாலைந்து படம் எடுத்தார், பிறகு தம்பி அதைக் கீழே கூட்டிக்கொண்டு போய்விட்டான். பத்து நிமிடத்துக்கு மேல் எதற்கு?

இதையெல்லாம்விடப் பெரிய கேள்வி மறுநாள் காலையில் வருகிறது. பெண் புகுந்த வீட்டுக்குப் போய்விடுகிறாள், நாய் வாசலைப் பார்த்துக்கொண்டு சோறு தின்னாமல் படுத்துக்கிடக்கிறது. சீர், நகை, பந்தி, பத்திரிகை என்று அத்தனையும் பேசுகிற இரண்டு வீட்டாரும் நாய் யாரோடு இருக்கப் போகிறது என்பதைப் பேசுவதே இல்லை. மேடையில் வேட்டி கட்டிப் படம் எடுத்துப் போட்டவர்களில் சிலரே அடுத்த மாதம், "நல்ல வீட்டுக்குத் தத்துக் கொடுக்கிறோம்" என்று அதே நாயின் படத்தைப் போடுவதையும் இதே முகநூலில் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் நிச்சயதார்த்தத்தன்றே அதைப் பேசி முடித்தோம். மணமக்கள் வாடகை வீடு தேடியபோது நாய் என்றதும் பல வீட்டுக்காரர்கள் கையை விரித்தார்கள். கடைசியில் திருவொற்றியூரில் ஒருவர் ஒப்புக்கொண்டார், ஆனால் ஒரு மாத அட்வான்ஸ் கூடுதலாகக் கேட்டார். மாப்பிள்ளை தனக்குப் போடுவதாகச் சொன்ன மோதிரம் வேண்டாம் என்று சொல்லி, அந்தப் பணத்தை அதற்குக் கட்டினார்.