ஆள் வந்தால் எறிய மாட்டோம், போதுமா?

வடசென்னைப் பார்க்கில் நாங்கள் டிஸ்க் கோல்ஃப் ஆடுகிற அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு எனக்கும் அனுப்பி வைத்த அத்தனை பேருக்கும் நன்றி. பிளாஸ்டிக் தட்டை எறிந்து, சங்கிலி தொங்கும் கூடையில் விழவைக்கிற ஆட்டம், அவ்வளவுதான். தொப்பியோடு நிற்பது நான்தான். டிஸ்க் பறக்கிறது, ஒரு பெரியவர் ஒதுங்குகிறார், கீழே "பார்க்கைப் பிடித்த ரவுடிகள்" என்று எழுத்து ஓடுகிறது. திகில் இசை வேறு. மறுநாள் வாட்ச்மேன் அறையில் வைத்திருந்த எங்கள் கூடையைக் காணோம். "மேலிடத்துல எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாங்க தம்பி" என்றார். எந்த மேலிடம் என்று அவருக்கும் தெரியவில்லை.

ஆள் வந்தால் நாங்கள் எறிய மாட்டோம். நின்றுவிடுவோம். இது எங்கள் பெருந்தன்மை இல்லை, ஆட்டத்தின் விதி. யாருக்காவது அடிபட வாய்ப்பிருந்தால் எறியக் கூடாது என்று விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. கிரிக்கெட்டில் அப்படி ஒரு விதி உண்டா? பந்து ஜன்னலை உடைத்த பிறகுதான் அங்கே ஓடவே ஆரம்பிப்போம்.

அன்றும் நின்றோம். அந்தப் பெரியவர் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தினமும் நடக்க வருகிறவர். அவரும் நின்றுவிட்டார். "எறிப்பா, கூடையில விழுதானு பாக்குறேன்" என்றார். ஓரமாப் போங்க ஐயா என்றோம், போனார். அதன் பிறகுதான் எறிந்தோம். வலக்கையால் பேக்ஹேண்டில் எறிந்தால் வேகம் குறையும்போது டிஸ்க் இடப்பக்கம் சாயும், அது அதன் குணம். அவர் இருந்தது வலப்பக்கம். கேமரா பிடித்தவர் நின்ற கோணத்தில் அவர் தலையை உரசிக்கொண்டு போவது போலத் தெரிகிறது. அவர் பேசியதை வெட்டியாயிற்று, நாங்கள் நின்றதையும் வெட்டியாயிற்று. மிச்சம் ரவுடிகள்.

டிஸ்க் பட்டால் வலிக்காதா என்கிறார்கள். வலிக்கும். தூரம் போகும் 'டிரைவர்' வகை டிஸ்குக்கு விளிம்பு கூர், நூற்றெழுபத்தைந்து கிராம் வரை கெட்டியான பிளாஸ்டிக். அதனால்தான் பார்க்குக்குள் டிரைவரை எடுப்பதே இல்லை. விளிம்பு மழுங்கிய, மெதுவாகப் போகும் 'புட்டர்' டிஸ்க் மட்டும்தான். இதையும் யாரும் கேட்கவில்லை. மரப்பட்டை போகுமே என்று ஒருவர் கவலைப்பட்டிருந்தார். அதே மரத்தில் ஆணி அடித்து டியூஷன் சென்டர் போர்டு மாட்டியிருக்கிறார்கள், ஒரு நடை வந்து பார்க்கட்டும்.

அனுமதி வாங்கினீர்களா என்றும் கேட்கிறார்கள். சரி, வாங்கவில்லை. ஷட்டில் ஆடுகிறவர்கள் வாங்கினார்களா? காலையில் கைதட்டிச் சிரிக்கிற குழு வாங்கியதா? எங்கள் கூடை தரையில் நட்டதுகூட இல்லை. பழைய டயருக்குள் சிமென்ட் ஊற்றி, பைப் நிறுத்தி, டேபிள் ஃபேன் கிரில்லைத் தட்டாக வைத்து, பாரிமுனையில் வாங்கிய சங்கிலியைத் தொங்கவிட்டது. ஆடி முடித்ததும் உருட்டிக்கொண்டு போய்விடுவோம்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. வீடியோவுக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "வியாசர்பாடி பக்கத்துல டிஸ்க் கோல்ஃபாம்! பெசன்ட் நகர்ல ஆடினா ஸ்போர்ட், இங்க ஆடினா நியூசென்ஸ்." கிண்டலுக்குத்தான் எழுதினார் போல. அதற்கு எத்தனை சிரிப்பு எமோஜி! அதில் நம் ஆட்களும் இருக்கிறார்கள், பெயர் பார்த்தேன்.

பெயரில் கோல்ஃப் இருப்பதுதான் உறுத்துகிறது என்றால் ஒன்று சொல்கிறேன். நந்தனத்தில் நிஜ கோல்ஃப் மைதானம் இருக்கிறது, வேலிக்கு அந்தப்பக்கம். இது அந்த ஜாதி ஆட்டம் இல்லை. 1975-இல் கலிஃபோர்னியாவில் எட் ஹெட்ரிக் என்பவர் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்ததே ஒரு பொதுப் பூங்காவில்தான். ஆரம்பத்தில் சங்கிலிக் கூடைகூட இல்லை, நட்ட கம்பங்கள்தான் குறி. இன்றும் உலகத்தில் பெரும்பாலான இடங்களில் பூங்காவில் நடக்க வருகிறவர்களுக்கு நடுவில், காசு இல்லாமல்தான் ஆடுகிறார்கள். எப்படி? ஆள் வந்தால் நிற்கிறார்கள். அவ்வளவுதான்.

வெளிநாட்டு ஆட்டம் நமக்கெதற்கு என்பவர்களுக்கு: வியாசர்பாடியில் ஃபுட்பால் ஆடுகிறார்களே, அது என்ன கபடியா?

எங்கள் அப்பா தண்டையார்பேட்டையில் கேரம் மன்றத்துக்குப் போவார். சாயங்காலம் லுங்கியோடு கிளம்பினால் பாட்டி வாசலிலேயே திட்டுவார், "ரவுடிப் பசங்களோட என்னடா வேலை" என்று. மன்றத்தில் விளக்கு எரிந்தாலே சந்தேகம், போலீஸ் வண்டி மெதுவாகும். அப்பாவுக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது, தோற்றால் ரெண்டு நாள் பேசமாட்டார் என்பதைத் தவிர. 2024-இல் புது வண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா, ஆட்டோ ஓட்டுநர் மகள், அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினாள். அன்றைக்கு நீங்கள் எல்லாரும் "எங்க வடசென்னை" என்று பதிவு போட்டீர்கள். ஜெயிக்கும் வரைக்கும் ரவுடி, ஜெயித்த பிறகு மண்ணின் மகள். இடையில் இருக்கிற வருஷங்களில் நாங்கள் எங்கே போய் ஆடுவது?

கொடுங்கையூர் குப்பை இங்கே வரலாம். எண்ணூர் சாம்பல் இங்கே பறக்கலாம். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு ஆலை எண்ணெயும் வந்தது, அதே மாதம் குழாயில் கசிந்த அம்மோனியாவும் வந்தது. அதற்கெல்லாம் "மேலிடம்" இவ்வளவு சீக்கிரம் கிளம்பி வந்ததாக எனக்கு நினைவில்லை. ஒரு பிளாஸ்டிக் தட்டு பறந்ததும் ஓடி வந்துவிட்டார்கள்.

எங்கேயோ போய்விட்டேன், கோபம். விஷயம் இவ்வளவுதான்: ஆள் வந்தால் எறிய மாட்டோம். வேண்டுமென்றால் நேரம் குறித்துக் கொடுங்கள், மூலை காட்டுங்கள், போர்டு வையுங்கள், அதன்படி நடந்துகொள்கிறோம். கூடையை எடுத்துப் போனவர் யாராக இருந்தாலும் கொண்டுவந்து வாட்ச்மேனிடம் கொடுத்துவிடுங்கள். வெல்டிங் கடை அண்ணனுக்கு இன்னும் பாதிப் பணம் பாக்கி.