பாதியில் நிறுத்திவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்

வெள்ளிக்கிழமை இரவு நம் டர்பன் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். நான் சொன்ன ஒரு படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, அதைப் பற்றி நண்பர் ஒருவர் அங்கே எழுதினார். இப்போது போய்த் தேட வேண்டாம், அவர் அதை அழித்துவிட்டார். கீழே வரிசையாக விழுந்த சிரிப்புப் பொம்மைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. குழுவில் பதில் சொன்னால் சண்டை என்பார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

"வழக்கமான படமா இல்லாம, மனசைப் போட்டு உலுக்குற மாதிரி ஒண்ணு சொல்லுங்கக்கா" என்று கேட்டது அவர்தான். நானாகப் போய்த் திணிக்கவில்லை. 'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்' என்ற ஜப்பானியப் படத்தைச் சொன்னேன், போர்க்காலத்தில் பட்டினியில் தவிக்கும் ஓர் அண்ணன் தங்கை கதை. அனிமேஷன்தான், ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கானது இல்லை, அவர்கள் தூங்கிய பிறகு பாருங்கள் என்றும் சேர்த்தே எழுதியிருந்தேன். வந்த பதில்: "நாப்பது நிமிஷத்துல ஆஃப் பண்ணிட்டோம். வீக்கெண்டே போச்சு. இனிமே அக்கா சொல்ற அழுமூஞ்சிப் படத்த யாரும் பாக்காதீங்க."

மொத்தப் படமே 89 நிமிடம். அதில் பாதிகூடப் பார்க்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. முழுசாகப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அவ்வளவுதான் நான் கேட்பது.

அந்தப் படம் யாரையும் ஏமாற்றுவதே இல்லை. தொடங்கும்போதே அண்ணன் தான் செத்துப்போன தேதியைச் சொல்லிவிடுகிறான், 1945 செப்டம்பர் 21. முடிவு என்ன என்று முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். அப்புறம் எதற்காகப் பார்க்க வேண்டும்? அந்த இரண்டு பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் இருப்பதற்காகத்தான். கடைசியில் ஓர் இடம் வரும். பசியில் சுருண்டு கிடக்கும் தங்கை எதையோ வாயில் அதக்கிக்கொண்டிருப்பாள். அண்ணன் எடுத்துப் பார்த்தால் கோலிக்குண்டு. மிட்டாய் என்று நினைத்துச் சப்பிக்கொண்டிருக்கிறாள். அப்புறம் மண்ணைப் பிசைந்து உருட்டி வைத்து, சோறு சாப்பிடு என்று அண்ணனிடம் நீட்டுவாள். அந்த இடத்துக்கு நம் நண்பர் வரவே இல்லை. வராமலே, படம் எப்படி என்று நூற்றுச் சொச்சம் பேருக்குச் சொல்லிவிட்டார்.

அந்தக் கதையை 1967-இல் எழுதிய நொசாகா அகியுகி, போர்க்காலத்தில் தன் சின்னத் தங்கையைப் பட்டினிக்குப் பறிகொடுத்தவர். அந்தக் குற்ற உணர்வோடுதான் எழுதினார். 1988-இல் தகஹாதா இசாவோ அதைப் படமாக்கினார். அப்போது ஜப்பானில் 'மை நெய்பர் டொட்டோரோ' என்ற குழந்தைகள் படத்தோடு சேர்த்து ஒரே காட்சியாக இதைத் திரையிட்டார்கள்.  நமக்கு ஒரு வெள்ளிக்கிழமை இரவைக் கொடுக்க மனசு வரவில்லை.

படம் சொல்வது எனக்குப் பொழுதுபோக்கு இல்லை. ஒருவருக்கு ஒரு படத்தைச் சொல்வதற்கு முன்னால் அவரைப் பற்றி யோசிக்கிறேன். வீட்டில் யாராவது சமீபத்தில் இறந்திருந்தால் சொல்ல மாட்டேன். தூக்கமில்லாமல் தவிப்பவர்களுக்குச் சொல்ல மாட்டேன். இவர் தாங்குவார், இவருக்கு இது போய்ச் சேரும் என்று நம்பித்தான் சொல்கிறேன். அந்த நம்பிக்கையைத்தான் நாற்பதாவது நிமிடத்தில் ரிமோட்டை அழுத்தி அணைத்துவிட்டார்கள்.

இந்த மாதிரிப் படங்களுக்கு விளம்பரம் கிடையாது. ஆள் விட்டு ஆள் சொல்லித்தான் அவை உயிரோடு இருக்கின்றன. இது தென்னாப்பிரிக்காவில் இருக்கிற நமக்கு நன்றாகவே தெரிய வேண்டும். ரோட்ரிகஸ் என்ற பாடகரின் 'கோல்ட் ஃபேக்ட்' 1970-இல் அமெரிக்காவில் வந்து சீந்துவாரில்லாமல் போனது. இந்த நாட்டில் கேசட்டுக்குக் கேசட் பதிவு செய்து, கைமாற்றிக் கைமாற்றி வளர்த்தார்கள். அவர் டெட்ராய்டில் இடிந்த வீடுகளைச் சுத்தம் செய்து பிழைத்துக்கொண்டிருந்தார், தனக்கு இங்கே இத்தனை பேர் இருப்பதே தெரியாமல். 1998-இல் இங்கே வந்து பாடினார். அந்தக் கதையைச் சொல்லும் 'சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்' 2013-இல் ஆஸ்கர் வாங்கியது. 'அன்பே சிவம்' 2003 பொங்கலுக்கு வந்து தியேட்டரில் தோற்றுப்போன படம்தானே? இன்றைக்கு அதைப் பிடிக்காது என்று யாராவது வாய் திறக்க முடியுமா? யாரோ சிலர் முழுசாகப் பார்த்து, பக்கத்தில் இருந்தவரிடம் நீயும் பார் என்று சொன்னதால்தான் அது இங்கே வரை வந்திருக்கிறது.

டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பக்கத்து வீட்டு ஆயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்பதைத் தாண்டியவர். அவர் பேசுவது பாதி ஆங்கிலம், மீதி அவருடைய ஆயாவிடமிருந்து வந்த வட ஆற்காட்டுத் தமிழ். ஒரு ஞாயிறு மத்தியானம் அவரோடு உட்கார்ந்து பாலு மகேந்திராவின் 'வீடு' பார்த்தேன். பாட்டே இல்லாத படம். நம் நண்பர் பத்து நிமிடம் தாங்கியிருக்க மாட்டார். ஆயா ஆங்கில வரிகளைப் படித்தாரா, தமிழைக் கேட்டாரா தெரியவில்லை, கண்ணை எடுக்கவில்லை. தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதர் தனியாக வந்து, கட்டி முடியாத வீட்டின் சுவரைத் தடவித் தடவிப் பார்ப்பாரே, அந்த இடத்தில் ஆயாவின் கை நாற்காலிப் பிடியில் அதே மாதிரி நகர்ந்தது. "எங்கப்பாவும் இப்பிடித்தான் செவுத்தத் தொட்டுப் பாத்துக்கினு நின்னாரு" என்றார்.

மேகசின் பேரக்ஸில் பிறந்து வளர்ந்தவர் அவர். நகராட்சித் தொழிலாளர்களுக்கு டர்பனில் கட்டிக்கொடுத்த குடியிருப்பு, பெரும்பாலும் நம் தமிழ்க் குடும்பங்கள். 1960களில் அத்தனை பேரையும் கிளப்பிச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். இத்தனை வருடம் பக்கத்து வீட்டில் இருக்கிறேன், அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்குச் சாயங்காலம் வரை பேசினார். எந்தத் திண்ணையில் யார் உட்காருவார்கள், லாரியில் எதை ஏற்ற விடவில்லை, அம்மா எதைத் துணியில் முடிந்து எடுத்துவந்தார் என்று எல்லாம். அவருடைய பேரன் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான், அவனுக்கும் புதுசு. இதற்காகத்தான் நான் படம் சொல்கிறேன்.

"வாரம் பூராவும் உழைக்கிறோம், சிரிக்க வேண்டாமா?" என்பார்கள். சிரியுங்கள். நானும் மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து வடிவேலு பார்க்கிறவள்தான். உலுக்குகிற மாதிரி வேண்டும் என்று கேட்டது நீங்கள். சப்டைட்டில் படிக்கச் சோம்பல் என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

"மேதாவித்தனம் காட்டத்தான் இப்படிப் படங்களாகச் சொல்கிறாய்." இதுதான் உள்ளே போய்த் தைக்கிறது, ஏனென்றால் குழுவில் ஒருவர் கிட்டத்தட்ட இதையேதான் எழுதினார், சிரித்தவர்களில் என் வீட்டில் சாப்பிட்டவர்களும் உண்டு. ஒரு படத்தின் பெயரைச் சொல்வதில் எனக்கு என்ன பெருமை? நான் எடுத்த படமா? நான் அழுத இடத்தை உங்களுக்குக் காட்டுகிறேன். தெரியாதவர்களிடம் அதைக் காட்ட மாட்டேன். மேதாவி என்று பெயர் வாங்க ஆசைப்படுகிறவள் தன் அழுகையைக் கொண்டுவந்தா முன்னால் வைப்பாள்?

அடுத்தவர் துக்கத்தோடு ஒன்றரை மணி நேரம் உட்கார முடியவில்லை நமக்கு. அது ஜப்பானியப் படத்தோடு நிற்பதில்லை. பல வருடம் ஒரே வீட்டில் வேலை செய்யும் ஸூலு அம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று தெரியாத வீடுகள் எனக்குத் தெரியும். அந்த அம்மா சொந்த ஊருக்குப் போய் வர எத்தனை மணி நேரம் ஆகிறது என்று தெரியாது. கேட்டால் மூட் போய்விடும். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களிடம் 'மாபாண்ட்சுலா' பார்த்தீர்களா என்று கேட்டால், அது என்ன சாப்பாடா என்கிறார்கள். 1988-இல், நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருக்கும்போதே இங்கே எடுத்த படம். அதிகாரிகளிடம் இது சும்மா ரவுடிப் படம் என்று சொல்லித்தான் ஆலிவர் ஷ்மிட்ஸும் தாமஸ் மொகொட்லானேயும் எடுத்தார்கள். பேனிக் என்ற சில்லறைத் திருடன், அரசியல் கைதிகளோடு ஒரே அறையில் அடைபடுகிறான். வெள்ளைக்காரர் வீட்டில் வேலை செய்யும் அவனுடைய காதலியும் படத்தில் உண்டு. கடைசியில் போலீஸ் ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொல்கிறது. அதற்கு அவன் சொல்லும் பதிலை இங்கே எழுத மாட்டேன்.

அதைத்தான் வரும் வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஏழு மணிக்குப் போடப் போகிறேன். ஆயா வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அவருடைய பேரனும் வருகிறான். நம் நண்பரும் வரலாம், மனத்தாங்கல் இருந்தாலும் கதவு திறந்தே இருக்கும். கோழிக் குழம்பும் ரொட்டியும் படம் முடிந்த பிறகுதான்.