வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு உதவக் கிளம்புகிறவர்களுக்கு

செமஸ்டர் லீவில் இரண்டு வாரம் நேபாளம், கம்போடியா, கென்யா என்று போய் ஆதரவற்ற குழந்தைகளோடு இருந்துவிட்டு வரலாம் என்று நம்ம சென்னைப் பிள்ளைகள் நிறையப் பேர் கிளம்புகிறார்கள். ஓஎம்ஆரில் வேலை பார்க்கிற தம்பி தங்கைகளும்தான். நல்ல மனசு, சந்தேகமே இல்லை. ஆனால் தன்னார்வலர்களை அனுப்பிவைக்கும் ஏஜென்சிக்குப் பணம் கட்டிக் குழந்தைகள் இல்லத்துக்கு மட்டும் போகாதீர்கள், தயவுசெய்து.

நேபாளத்து இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலானோருக்கு அப்பா அம்மாவில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். "காத்மாண்டுவில் படிக்க வைக்கிறோம்" என்று தரகர் மலைக் கிராமத்தில் சொல்லி, பெற்றவர்களிடமே பணமும் வாங்கிக்கொண்டு பிள்ளையைக் கூட்டிப் போகிறார். சுற்றுலாப் பயணிகள் அதிகம் வரும் காத்மாண்டு பள்ளத்தாக்கு, பொக்காரா, சித்வன் பக்கமே இல்லங்கள் குவிந்திருப்பது ஏன் என்று யோசியுங்கள். நீங்கள் கட்டும் பணம்தான் அங்கே குழந்தைகளை வரவழைக்கிறது. ஆஸ்திரேலியா 2018-ல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது இப்படிக் குழந்தைகளை இல்லங்களுக்குக் கடத்துவதையும் சேர்த்தே பேசியது. 2019 டிசம்பரில் ஐநா பொதுச் சபைத் தீர்மானமும் இல்லங்களுக்குத் தன்னார்வலராகச் சுற்றுலா போவதால் வரும் தீங்கைச் சுட்டிக்காட்டியது.

இல்லத்துக்குள் நுழைந்த ஐந்தாவது நிமிடத்தில் நான்கு வயதுக் குழந்தை ஓடிவந்து, முன்பின் தெரியாத உங்கள் மடியில் ஏறி உட்கார்ந்து, கழுத்தைக் கட்டிக்கொள்ளும். மனசு கரைந்துவிடும். வீட்டில் வளரும் அதே வயதுக் குழந்தை அம்மா புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்க்கும். யார் வந்தாலும் ஒட்டிக்கொள்வது, நிலையான ஒரு பெரியவர் இல்லாமல் வளர்ந்ததன் அறிகுறி. இரண்டு வாரத்துக்கு ஒருவர் வந்து, பழகி, விட்டுவிட்டுப் போகப் போக அந்தக் காயம் ஆழமாகிறது.

அப்படியானால் போகவே கூடாதா? போகலாம். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும் குழந்தைகள் படிக்கிற பகல்நேரப் பள்ளியையோ சமூக மையத்தையோ தேர்ந்தெடுங்கள். மூன்று மாதமாவது இருங்கள். உள்ளூர் ஆசிரியரின் இடத்தைப் பிடிக்காமல் அவருக்குத் துணையாக வேலை பாருங்கள்.

புறப்படும் முன் பெரும்பாக்கத்திலோ கண்ணகி நகரிலோ ஒரு மாலைநேர வகுப்பில் ஆறு மாதம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். நம்ம அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளில் அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லித்தரும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தையின் நிலையைப் பார்த்துப் பிரிக்கிறார்கள். அந்த முறையைக் கைக்குள் கொண்டுவாருங்கள், எந்த நாட்டிலும் உதவும். வெளிநாட்டு வகுப்புகளில் தவறாமல் நடக்கும் கோளாறு, வருகிற ஒவ்வொரு தன்னார்வலரும் 'ஏ ஃபார் ஆப்பிள்' என்று முதலிலிருந்து ஆரம்பிப்பது. அதே பிள்ளைகள் அதே பாட்டை வருஷம் முழுக்கப் பாடுகிறார்கள். எந்தப் பக்கம் வரை நடந்தது, எந்தக் குழந்தைக்கு எந்த எழுத்தில் சிக்கல் என்று தினமும் ஒரு நோட்டில் எழுதி, கிளம்பும்போது வகுப்பு ஆசிரியரிடம் ஒப்படையுங்கள்.

காகித வேலையிலும் கவனம். உங்கள் மேல் குற்ற வழக்கு இல்லை என்று பாஸ்போர்ட் அலுவலகம் தரும் போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழ், சுற்றுலா விசாவில் போகிறவருக்குக் கிடைக்காது. அதனால் அழைப்புக் கடிதம், சரியான விசா வகை இரண்டையும் முதலில் முடியுங்கள். கென்யாவுக்கு என்றால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் ஊர் திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள்.

போட்டோ விஷயம்: பராமரிப்பில் இருக்கும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை நம்ம நாட்டில் 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு தடுக்கிறது. அந்த மரியாதையை அடுத்த நாட்டுக் குழந்தைக்கும் கொடுங்கள். ஸ்டேட்டஸில் முகம் வேண்டாம்.

ஏஜென்சியிடம் மூன்று கேள்வி கேளுங்கள். என்னைப் பற்றி போலீஸ் சரிபார்ப்பு கேட்பீர்களா? குழந்தையோடு நான் தனியாக இருக்க நேருமா? நான் கட்டும் தொகையில் பள்ளிக்கு எவ்வளவு போகிறது? எழுத்தில் பதில் வராவிட்டால் அட்வான்ஸ் கட்டாதீர்கள்.